மேனேஜர் ஓடக்கூடாது

எங்கள் லயத்தில் ‘மேனேஜர்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. அந்தப் பெருமை செய்த வேலையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இலங்கை மலைநாட்டில், வட்டவளையில் இறங்கி, ரயில் பாதையைக் கடந்து ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். தோட்டத்தை நடத்துகிறவரை எல்லோரும் ‘பெரிய தொரை’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் டீச்சருக்கு அந்தச் சொல் ஆகாது. துரை, எசமான் எல்லாம் வெள்ளைக்காரன் கப்பலேறும்போதே கூட ஏறியிருக்க வேண்டிய சொற்கள் என்பார். “அவர் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு மேனேஜர். தமிழில் முகாமையாளர். எங்கே, எல்லோரும் சொல்லுங்க” என்றார். வகுப்பு முழுவதும் மூன்று தடவை சொன்னோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கேட்டார். “பேரு எதுவா இருந்தா என்ன, கண்டா எந்திரிச்சு நிக்கணும்ல?” என்றார். படிக்காதவர்களிடம் இதற்கு மேல் பேச முடியாது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள்; ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது என்பதால், அங்கே பேசுவது இங்கேயும், இங்கே பேசுவது அங்கேயும் கேட்கும். மாமா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் படிப்பதில் அவருக்கு அலாதியான சந்தோஷம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் ‘வாத்தியாரம்மா’தான்.

பகலில் மாமா கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டும் கூட்டத்தில் ஒருவர். மாலை நாலு மணிக்கு மேல் அவர் வேறு ஆள். கீழ்க் கணக்கு உதைபந்தாட்ட அணியின் பதினோராம் நம்பர் சட்டை அவருடையது. எங்கள் தோட்டம் மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டுக்கும் ஒரே கோவில், ஒரே பாக்டரி, ஒரே கிரவுண்டு. வருடத்தில் ஒரு நாள், தைப்பொங்கலன்று, இரண்டும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பார்க்காது. அன்றைக்குத்தான் கப்புக்கான மெட்ச்.

சின்ன வயதில் மாமா பழுக்காத, பந்தளவு ஜம்போலாக் காயை உதைத்துப் பழகினாராம். கால் வீங்கி வீங்கித்தான் அந்த இடது காலுக்கு அவ்வளவு பலம் வந்தது என்று அம்மா சொல்வார். இருபது வயதில் அவரைக் கொழும்பிலிருந்து ஒரு கிளப் வந்து அழைத்துப் போனது. எட்டு மாதத்தில் திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

“அங்க கிரவுண்டு தட்டையா இருக்குங்க. பந்து போட்ட எடத்துலயே நிக்குது. அதுல போயி என்னத்த வெளையாடுறது?”

பகலெல்லாம் ஒரு கடையில் மூட்டை தூக்கவிட்டு, சாயங்காலம் பயிற்சிக்கு ஓடச் சொன்னார்கள் என்பது அம்மா சொல்லும் காரணம். ஆனால் மாமா சொன்னதிலும் உண்மை இருந்தது. எங்கள் கிரவுண்டு பாக்டரிக்கு மேலே, தேயிலை வைக்க லாயக்கில்லை என்று விட்ட சரிவு. ஒரு கோல்போஸ்ட் மற்றதைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருக்கும். கீழே பார்த்து அடித்த பந்து தவறினால் நாலாம் நம்பர் மலைத் தேயிலைக்குள் புகுந்து ஆறுவரை போகும். மேலே பார்த்து அடித்தால் அதுவாகவே திரும்பி வரும். மாமா இடது காலால் பந்தை மேட்டில் சாய்வாகத் தட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். எதிரணி ஆட்கள் மூச்சு வாங்க மேலே ஓடுவார்கள். பந்து அவர்களுக்குப் பக்கத்தாலேயே உருண்டு வந்து மாமாவின் காலடியில் நிற்கும். “மேட்ட நம்பு. அது திருப்பிக் குடுத்துரும்” என்பது அவர் சின்னப் பையன்களுக்குச் சொல்லும் வேதம்.

அந்த வருடம் மாமாவின் வலது முழங்கால் கெட்டுப் போயிருந்தது. பக்கத்துத் தோட்டத்தோடு ஆடும்போது ஒரு தடவை திரும்பியது. மழைக்காலம் வந்ததும், கவ்வாத்து மலையில் ஏறுவதற்கே கம்பு வேண்டியிருந்தது. ஹட்டன் டவுனில் டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை திரும்பினால் இந்தக் கால் மலைக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் குரல் கேட்டது.

“மலையேற முடியாட்டி பேரு வெட்டிருவாங்க. அப்பறம் ஏங் கூடை ஒண்ண நம்பி நாலு வயிறு. பந்து வந்து சோறு போடுமா?”

“ஒரே ஒரு பொங்கலுடி. இந்தப் பொங்கலோட விட்டுர்றேன்.”

“போன பொங்கலுக்கும் இதத்தான சொன்னீங்க?”

“அது போன பொங்கலு” என்றார் மாமா. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவர் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு மாமாவின் வாசலுக்கு வந்தார். தலைவர் என்றால் தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான், உதைபந்தாட்டக் கிளப்புக்கும் அவர்தான், கோவில் திருவிழாவுக்கும் அவர்தான். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளிருந்து வான நீலத்தில் ஒரு சட்டையை எடுத்து விரித்தார். ஹட்டனில் கொடுத்து அச்சடித்திருந்தார்கள். முதுகில் பெரிய பெரிய ஆங்கில எழுத்துகள்.

“என்னா எழுதியிருக்குனு நம்ம வாத்தியாரம்மா வாசிக்கட்டும்” என்றார் மாமா.

நான் எழுத்துக் கூட்டினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி எழுத்து வந்ததும் மொத்தச் சொல்லும் என் வாயில் திடீரென்று கூடிவிட்டது.

“மேனேஜர்!” என்று கத்தினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் சட்டையை மாமாவின் தோளில் போட்டார். “இனிமே இவருதான் மேனேஜரு” என்றார். எனக்கு அந்த இடத்திலேயே தலை சுற்றியது. என் மாமா பெரிய துரை ஆகிவிட்டார்! சுற்றி நின்ற யாரும் அதற்கேற்ற அளவு ஆச்சரியப்படவில்லை. சொல்லின் அர்த்தம் இவர்களுக்குத் தெரியாது, பாவம், என்று நினைத்தேன்.

மாமா மட்டும் சட்டையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்பரு எங்க?” என்றார்.

“மேனேஜருக்கு ஏதுண்ணே நம்பரு?” என்றார் ஒருவர்.

அதுவும் எனக்குச் சரியாகவே பட்டது. அம்மாவுக்கு நம்பர் உண்டு. அப்பாவுக்கு உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா எல்லோரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். துரைக்கு மட்டும்தான் நம்பர் கிடையாது. இருந்தாலும் படித்த பிள்ளை என்ற முறையில் நான் ஒன்றிரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ள விரும்பினேன்.

“மாமா இனிமே ஓட வேணாமா?”

“வேணாம் புள்ள” என்றார் தலைவர். “ஓரமா கையக் கட்டிக்கிட்டு நின்னு சத்தம் போட்டா போதும்.”

“மத்தவங்க?”

“அவரு கை காட்டுற எடத்துல ஓடுவோம். இல்லாட்டி திட்டு வாங்குவோம்.”

“தொப்பி குடுப்பாங்களா?”

“தொப்பி இல்லாம மேனேஜரா?”

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? அத்தை அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் சீனி போட்டே தேத்தண்ணி கொடுத்தார். தலைவருக்கு மட்டும் இரண்டாவது கோப்பையும் கேட்காமலே வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் முதலில் சொன்னது கண்டாக்கையாவின் மகளிடம். அவளும் நானும் ஒரே வகுப்பு. அவர்கள் வீடு லயமல்ல, தனி வீடு. அவள் சப்பாத்து போட்டு வருவாள். அவளுக்குச் சொல்வதற்கென்றே ஒரு செய்தி என் வாழ்க்கையில் அதுவரை இருந்ததில்லை.

“எங்க மாமா மேனேஜராயிட்டாரு” என்றேன்.

“பொய். அதுக்கு இங்கிலீசு தெரியணும்.”

“அவரு சட்டையிலயே இங்கிலீசு இருக்கு.”

அவள் சற்றுத் தடுமாறினாள். அந்த இடைவெளியை நான் விடவில்லை. “இனிமே ஒங்க அப்பா எங்க மாமாவக் கண்டா சைக்கிள்ல இருந்து எறங்கணும்” என்றேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது.

அந்த வாரம் டீச்சர் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள், விளித்தல் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டார். யாருக்கு எழுதுவது என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. பொங்கலுக்குள் நல்ல தாளில் ஒரு கடிதம் எழுதி முடித்தேன். நான்கு பிரதி கிழித்துப் போட்டு, ஐந்தாவதில் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

‘பெருமதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு’ என்று அது தொடங்கியது. ‘எங்கள் லயத்தின் கூரைத் தகரம் துருப்பிடித்துவிட்டது. என் அம்மா அடுப்பு மூட்டும் இடத்தில் மழை பெய்கிறது. பிள்ளை மடுவத்துக்குக் கதவு இல்லை. குழந்தைகள் தூங்கும்போது நாய் வருகிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில் பாலத்துக்குப் பக்கத்துப் படிகள் உடைந்துவிட்டன. இதுவரை நான் ஆறு தடவை விழுந்திருக்கிறேன். தாங்கள் முன்பு எங்களைப் போலவே லயத்தில் இருந்தவர் என்பதால் இவையெல்லாம் தங்களுக்குத் தெரியும். தாங்கள் பங்களாவுக்குக் குடிபோகும்போது அத்தையையும் என்னையும் மறக்காமல் கூட்டிச் செல்லவும்.’

பொங்கல் விடிந்தது. முதல் நாள் மழையில் கிரவுண்டு குழம்பாக இருந்தது. மதியம் கூட்டம் சேரத் தொடங்கியபோது மாமா நீலச் சட்டையும் தொப்பியுமாகக் கோட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு ஷொப்பிங் பை. நான் போய் இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினேன். மாமா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். உதடு அசைய அசைய வாசித்தார். ‘பங்களா’ வந்த இடத்தில் உதடு நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். சிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பாப்போம் வாத்தியாரம்மா. மேனேஜருக்குக் கொஞ்சம் வேல கெடக்கு” என்றார்.

நாணயம் சுண்டியதில் எங்களுக்கு விழுந்தது. மாமா முதல் பாதியில் மேலே பார்த்து அடிக்கும் பக்கத்தைக் கேட்டார். “வெளையாடுற காலத்துலயே மூள கொஞ்சம் அப்பிடி இப்பிடி. இப்ப மேனேஜரானதும் மொத்தமா போச்சு” என்று மேல் கணக்குக்காரர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். மாமா திரும்பாமலே, “சாப்புட்டு வந்தீங்களா மச்சான்? ரெண்டாம் பாதியில நெறைய ஏற வேண்டியிருக்கும்” என்றார். கூட்டம் சிரித்தது.

முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் பக்கம் சரிவு கிடைத்தது. மாமா கோட்டோரமாக நொண்டி நொண்டி நடந்து கத்தினார். கை காட்டினார். அந்தக் கை போன இடத்தில் ஆட்கள் ஓடினார்கள். எல்லாம் தலைவர் சொன்னபடியே நடந்தது. ஒரு கோல் போட்டுச் சமன் செய்தோம். நான் கண்டாக்கையாவின் மகள் எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பார்த்து வைத்துக்கொண்டேன். தூரத்தில், கூடாரத்துக்குள், பிரதம விருந்தினராகப் பெரிய துரை உட்கார்ந்திருந்தார். இன்னும் போகவில்லையா இவர், என்று நினைத்தேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் முன்வரிசை ஆள் சேற்றில் வழுக்கிக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தூக்கி வந்தார்கள். எங்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு மாற்று ஆள். பாக்டரியில் சாக்குத் தைக்கும் ஒரு நெட்டை அண்ணன். சமதரையிலேயே விழக்கூடியவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து ஷொப்பிங் பையைத் திறந்தார். அதற்குள் அவருடைய பூட்ஸ் இருந்தது. கொழும்பில் வாங்கிய பழுப்பு பூட்ஸ். அத்தை அதைச் சாக்கில் சுற்றிக் கூரைப் பரணில் போட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். எப்போது இறக்கினார் என்று தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இடது காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்து பூட்ஸை மாட்டினார். நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். நீலச் சட்டையின் அடியைப் பிடித்துத் தலைவழியாகக் கழற்றப் போனார். உள்ளே, பழைய பதினோராம் நம்பர் சட்டை.

தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்கள் நின்ற பக்கத்தில் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. ஊரே பார்க்க, கண்டாக்கையா மகள் பார்க்க, பழைய துரையும் பார்க்க, ஒரு மேனேஜர் சேற்றில் இறங்கி ஓடப் போகிறார். நான் கோட்டைத் தாண்டி ஓடி, பாதி ஏறிய அந்த நீலச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

“மாமா! நீங்க மேனேஜரு! மேனேஜரு ஓடக்கூடாது! தொரை எங்கயாச்சும் கொழுந்துக் கூடை தூக்குமா?”

என் குரல் அப்போதே பெரிது. கிரவுண்டு முழுவதும் கேட்டிருக்கும். மேல் கணக்குப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அது இரண்டு பக்கத்துக்கும் பரவியது. மாமா சட்டைக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். அத்தை நின்ற பக்கம் பார்த்தார். கிரவுண்டைப் பார்த்தார். மற்ற பூட்ஸ் பையிலேயே இருந்தது.

“சரி” என்றார். “வாத்தியாரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

குனிந்து நாடாவை அவிழ்த்தார். கட்டியதைவிட அவிழ்க்க அதிக நேரம் எடுத்தது.

பிறகு நெட்டை அண்ணனைக் கூப்பிட்டுச் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். “நீ ஒண்ணும் செய்ய வேணாம். கோலுக்கு முன்னால போயி நில்லு. பந்து வந்தா காலக் குடு. மிச்சத்த மேடு பாத்துக்கும்” என்றார். ஐந்து நிமிடம் கழித்துப் பந்து வந்தது. நெட்டை அண்ணன் காலைக் கொடுக்கப் போய், வழுக்கி, முழுதாக விழுந்தார். பந்து அவருடைய முழங்காலில் பட்டு, யோசித்து யோசித்துச் சரிவில் உருண்டு, கோல்காப்பாளரின் கைக்கு ஒரு சாண் தள்ளி உள்ளே போனது. அதை அவர் போட்டாரா சரிவு போட்டதா என்று எங்கள் தோட்டத்தில் இன்றும் சண்டை உண்டு.

கப் கொடுக்கும் நேரம் வந்தது. மைக்கில் தலைவர் பேசினார். “வெற்றி பெற்ற கீழ்க் கணக்கு அணியின் மேனேஜர், நமது தோட்டத்தின் மேனேஜர் அவர்களிடமிருந்து கிண்ணத்தைப் பெற்றுக்கொள்வார்” என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு மேனேஜர். நான் விழித்தேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து கண்டாக்கையாவின் மகள், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“ஒங்க மாமா பந்துக்குத்தான் மேனேஜரு. அப்பா சொன்னாரு.”

மூன்று வாரம் வைத்திருந்துவிட்டுச் சொல்கிறாள். எனக்குக் காது சுட்டது. கடிதம் ஞாபகம் வந்தது. பங்களா ஞாபகம் வந்தது. பக்கத்துத் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன்.

மேடையில் மாமா கப்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் காற்சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

“சார், இது மேனேஜருக்கு வந்த கடிதாசி. வெலாசம் மாறி எங்கிட்ட வந்திருச்சு” என்று பெரிய துரையிடம் நீட்டினார்.

கூட்டம் சிரித்தது. பெரிய துரையும் சிரித்துக்கொண்டே பிரித்தார். அவர் சிங்களவர். தோட்டத் தமிழ் சரளமாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. “யாரு எழுதினது?” என்றார். மாமா என்னைக் கை காட்டினார். அந்தக் கை காட்டிய இடத்தில் அன்று எல்லோரும் ஓடினார்கள் அல்லவா? நானும் ஓடினேன். மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார்கள்.

நான் வாசித்தேன். கூரையை வாசித்தேன். கதவையும் நாயையும் வாசித்தேன். படிகளையும் ஆறு தடவை விழுந்ததையும் வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. “ஆறு தடவையா?” என்றார் பெரிய துரை. “எழுதினப்ப ஆறு. இப்ப எட்டு” என்றேன். லயத்தில் இருந்தவர் என்ற வரியையும் பங்களா வரியையும் விட்டுவிட்டு, ‘இப்படிக்கு’வுக்குத் தாவினேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். அத்தனை பேருக்கு முன்னால் பெரிய துரையால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. சித்திரைக்கு முன்னால் பிள்ளை மடுவத்துக்குக் கதவு வந்தது. இரண்டு காம்பராவுக்குத் தகரம் வந்தது. படிகள் வரவேயில்லை. ஹட்டன் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போகும்வரை அவற்றில் விழுந்துகொண்டேதான் இருந்தேன்.

இப்போது நான் ஹட்டனில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்த முதல் ஆள். கடிதப் பாடம் வரும்போதெல்லாம் பெறுநர் யார் என்பதை முதலில் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. மாமா இன்றும் கீழ்க் கணக்கின் மேனேஜர். மலைக்கும் இன்னும் போகிறார். நீலச் சட்டையில் பாதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. புதிது அடித்துக் கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார். அந்தச் சட்டை அத்தையின் யோசனை என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. இனிப் போதும் என்று அவரிடம் நேராகச் சொல்ல, அத்தையைத் தவிர, அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் அத்தை தலைவரிடம் போய், அவரை ஏதாவது பெரிய ஆளாக்கி ஓரமாக உட்கார வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

பொங்கலன்று மாலை எனக்கு இதெல்லாம் தெரியாது. மேனேஜர் என்றால் என்ன என்பது இப்போது முழுவதும் விளங்கிவிட்டது என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே அத்தை என்னைப் பிடித்து இழுத்து, உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். என் கை நிறைய அவித்த கிழங்கையும் கற்கண்டையும் திணித்தார். கடிதம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கற்கண்டை மாமாவுக்கும் கொடுக்கலாம் என்று தேடிப் போனேன். கப்பை வைத்துக்கொண்டு ஆட்கள் மேளத்தோடு லயம் லயமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களோடு இல்லை. பீலிக்கரையில், தண்ணீர் விழும் இடத்தில், தொப்பியைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டுக் குந்தியிருந்தார். கையில் பூட்ஸ். ஒன்றை முடித்துக் கல்லின்மேல் கவிழ்த்துவிட்டு, மற்றதைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பூட்ஸ் பெஞ்சின்மேலேயே மாட்டிப் பெஞ்சின்மேலேயே கழற்றியது. மற்றது பையை விட்டு வெளியே வரவே இல்லை.

“மாமா, அதுல சேறே படலயே?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. தண்ணீர் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.